ரேடியோவின் ஷட்டில் கோப்பை

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். டாக்ஸி ஓட்டுகிறவர். ஏறிய பயணி கதவைச் சாத்துவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடுவார். இறங்குகிறவர் ஒரு காலை வெளியே வைத்த பிறகும் முடித்திருக்க மாட்டார்.

"உன் வண்டிக்கு எதுக்குய்யா பெட்ரோல்? நீ பேசற பேச்சுலயே ஓடுமே" என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஓடும். ஆனா நிறுத்த முடியாதே" என்பார் அவர்.

ஆனால் இது அவருடைய கதை அல்ல. அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியின் கதை.

அவள் திரைச்சீலை தைப்பவள். துணிக்கடை மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, ஊரில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் திரை தைத்தாள். மடிப்பு வைப்பாள், கொக்கி கோப்பாள், காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்துக்குள் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்து மூடுவாள். மாட்டிவிட வேண்டிய வீடுகளுக்கு ரேடியோதான் டாக்ஸியில் அழைத்துப் போவார். அவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று வேலையைப் பார்ப்பாள். அவர் வீட்டுக்காரர்களுக்குக் கதை சொல்வார். வேலை முடிந்து அவள் இறங்கினாலும் கதை முடிந்திருக்காது. படிக்கட்டில் நின்று காத்திருப்பாள்.

"எங்க வீட்டுல துணி அளக்கற டேப்பையே வாய்க்கும் வச்சிருக்கா சார். அளந்துதான் பேசுவா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குக் கோபம் வராது. இருவருக்கும் வேண்டிய பேச்சை ஒருவரே பேசிவிடுகிறார், நமக்கு என்ன கஷ்டம் என்று இருந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டை நிறைத்தது அந்தக் குரல்தான்.

காலையில் எழுந்ததும் அவர் செய்கிற முதல் வேலை வண்டியைக் கழுவுவது. இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். பழைய பனியன் துணியைப் பிழிந்து கூரையில் ஆரம்பிப்பார். கை பெரிய பெரிய வட்டமாகப் போகும். பிறகு கண்ணாடி, கதவுகள், கடைசியில் சக்கரம். வண்டியோடும் பேசுவார். "நேத்து அந்தப் பள்ளத்துல இறக்கினேனே, வலிச்சுதாடா?" என்று கேட்பது சமையலறை ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்கும். மீந்துபோன திரைத்துணிகளை ஒட்டுப்போட்டு அவள் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறைதான் ராத்திரியில் வண்டிக்குப் போர்வை. ஸ்டாண்டில் அதற்கும் கிண்டல் உண்டு. அவர் அசர மாட்டார்.

ஒரு மத்தியானம், ரயில் நிலைய வாசலில் பயணிக்கு மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே, "அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர், அப்படியே ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

அன்றைக்கு என்ன ஆச்சு என்பது அந்தப் பயணிக்குத் தெரியாமலே போயிற்று.

உயிர் தப்பினார். சில வாரங்களில் கண்ணும் திறந்தது. தூங்கினார், விழித்தார், தொண்டையில் வைத்த குழாயை எடுத்த பிறகு தானாக மூச்சு விட்டார். ஆனால் பார்வை கூரையைத் தாண்டி எங்கும் போகவில்லை. "கையை அழுத்துங்க" என்றால் அழுத்தவில்லை. "இங்க பாருங்க" என்றால் பார்க்கவில்லை. பயிற்சி வார்டில் தினமும் ஒரு பெண் வந்து கைகால்களை மடக்கி நீட்டினாள். வாயில் ஒரு துளி பழச்சாறு வைத்து விழுங்கப் பழக்கினாள். அந்த உடம்பு எல்லாவற்றுக்கும் பேசாமல் இடம் கொடுத்தது. பேசாமல் என்ற வார்த்தைதான் அவர் மனைவியைக் கொன்றது.

ஒருநாள் மூளை டாக்டர் அவளையும் நாத்தனாரையும் அறைக்கு அழைத்தார். நாத்தனார் என்றால் ரேடியோவின் ஒரே தங்கை. பஸ் நிலைய விசாரணைக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழகிய குரல். ஆஸ்பத்திரியில் எங்கே என்ன கேட்க வேண்டுமானாலும் அந்தக் குரல்தான் முன்னால் போகும்.

"மாசக் கடைசியில எங்க மீட்டிங் இருக்கும்மா" என்றார் டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் மூளையின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று, பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். "அவருக்கு நினைவு இருக்குன்னு ஏதாவது ஒரு அறிகுறி கிடைச்சாதான் இந்த வார்டுல பயிற்சி தொடரும். இல்லைன்னா பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடுவாங்க. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க. ஆனா பயிற்சி கிடையாது."

"அப்போ அவரைப் படுக்க வச்சுட்டுப் போயிடுவீங்க. அதானே?" என்றாள் நாத்தனார்.

டாக்டர் கோபப்படவில்லை. "ஒரு வழி இருக்கு. உள்ளே நினைவு இருந்தும் உடம்பு கேட்காமப் போறவங்க உண்டு. அவங்களை ஸ்கேன்ல படுக்க வச்சு, பழக்கமான ஒரு வேலையைச் செய்யறதா மனசுல நினைக்கச் சொல்வோம். நினைச்சாங்கன்னா, கையை அசைக்கற மூளைப்பகுதி வேலை செய்யும். கை அசையாட்டியும் அது படத்துல தெரியும். சாதாரணமா விளையாட்டைத்தான் சொல்வோம். அவர் ஏதாவது நல்லா விளையாடுவாரா?"

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் அவளைப் பார்த்தாள்.

"ஷட்டில்" என்றாள் அவள்.

"ஆமாம் டாக்டர்" என்று நாத்தனார் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பெரிய ஆட்டக்காரர். கோப்பையே ஜெயிச்சிருக்காரு. ஷோகேஸ்ல இருக்கு."

"ரொம்ப நல்லது" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். படத்துல வந்தா, உள்ளே இருக்கார்னு உறுதியாச் சொல்லலாம். வரலைன்னா, இல்லைன்னு சொல்ல முடியாது. தூங்கியிருக்கலாம், களைச்சிருக்கலாம், மெஷினுக்குப் பிடிபடாம இருக்கலாம். ஆனா மீட்டிங்ல இதெல்லாம் நான் ஒருத்திதான் வாதாடணும்."

ஸ்கேன் எடுத்தார்கள். காதில் ஹெட்போன் வைத்து, டாக்டரின் குரலில் "ஷட்டில் ஆடுவதாக நினையுங்கள்", "ஓய்வெடுங்கள்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். இரும்புக் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல மெஷின் சத்தம் போட்டது. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பின் ஓரத்தைத் திரைச்சீலை மாதிரி மடிப்பு மடிப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் அழைத்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒண்ணும் வரலைம்மா."

அவள் "ம்" என்றாள்.

வராந்தாவின் கோடியில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் எந்தக் கூட்டத்திலும் கலங்காதவள். அன்று காகிதக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க. நான் பாவி. என் வாயால அண்ணனைக் கொன்னுட்டேன்."

"என்ன பேச்சு இது?"

"அவன் ஷட்டில் மட்டையைக் கையால தொட்டதே இல்லை அண்ணி! அந்தக் கோப்பை யாரோ ஒரு பயணி டிக்கியில விட்டுட்டுப் போனது. யாரும் தேடி வரலை. கல்யாணமான புதுசுல நீங்க கேட்டீங்க, உங்களுதான்னு. அவன் ஆமான்னுட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். என் கையைக் கிள்ளினான், சொல்லிடாதேன்னு. இத்தனை வருஷமா நீங்க அதைத் துடைச்சுத் துடைச்சு வைக்கறதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்."

அவள் நாத்தனாரின் தலையைத் தடவினாள்.

"தெரியும்" என்றாள்.

நாத்தனாரின் அழுகை பாதியில் நின்றது. "என்ன தெரியும்?"

"துடைக்கறவளுக்குத் தெரியாதா? அடியில எழுதியிருக்கு. பெண்கள் இரட்டையர் பிரிவுன்னு."

நாத்தனார் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"பெண்கள்..." என்ற நாத்தனாருக்கு அழுத கண்ணோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி அண்ணா! அடியில என்ன எழுதியிருக்குன்னுகூடப் பார்க்கலையா அவன்?"

"அவருக்குப் பேசவே நேரம் பத்தாது. எங்க படிக்கறது?"

"ஏன் அண்ணி, தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலையா நீங்க?"

அவள் யோசித்தாள். "இறுதி ஆட்டத்தைப் பத்திச் சொல்வார் பாரு, எழுந்து நின்னு, கையை வீசி... ஒவ்வொரு தடவையும் ஸ்கோர் மாறும். எதிராளி வருஷத்துக்கு வருஷம் உயரமாயிட்டே போவான். கேட்டுட்டா அந்தக் கதை நின்னுபோயிடுமே."

"சரி, டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ பக்கத்துல இருந்தே. உன் அண்ணனை உன் முன்னாடி எப்படி விட்டுக்குடுக்கறது?"

"அய்யோ, நானும் அதுக்குத்தானே அண்ணி தலையாட்டினேன். உங்க முன்னாடி அவன் மானம் போகக்கூடாதுன்னு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பை பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டு பேரும் சேர்ந்து, பேச முடியாத அந்த மனிதரை அவர் ஒருநாளும் ஆடியிராத மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

"உள்ளே படுத்துக்கிட்டு முழி பிதுங்கியிருப்பான்" என்றாள் நாத்தனார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "மாட்டிக்கிட்டோம்னு."

அவள் எழுந்துவிட்டாள். டாக்டரின் அறைக் கதவை அன்று முதலில் தட்டியது நாத்தனார் அல்ல.

"டாக்டர், அவர் ஷட்டில் ஆடினதே இல்லை. நாங்க ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம். அவர் தினமும் வண்டி கழுவுவார். அதைக் கேளுங்க."

டாக்டர் கதையை முழுக்கக் கேட்டார். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. பிறகு சிரித்தேவிட்டார். "நானும் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும். விளையாட்டுன்னதும் எழுதிக்கிட்டேன். சரி, மீட்டிங்குக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்ப்போம். ஆனா இந்தத் தடவை என் குரல் வேண்டாம். அவருக்குப் பழகின குரல் வேணும். நீங்க சொல்லுங்கம்மா."

"நானா?"

"அண்ணி பேசி அவன் கேட்டதே இல்லை டாக்டர். பழகின குரல்னு எப்படிச் சொல்றது?" என்றாள் நாத்தனார். ஆனாலும் அண்ணியின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

ஸ்கேன் அறை வாசலில் தொப்பை வைத்த டெக்னீஷியன் ஒரு தட்டை நீட்டினார். "உள்ளே போய் அவரைப் பார்க்கணும்னா, இரும்பு எதுவும் இருக்கக்கூடாதும்மா. சாவி, ஊசி, பின்னு எல்லாத்தையும் இதுல போடுங்க." அவள் எடுக்க ஆரம்பித்தாள். தோளிலிருந்து ஒரு குண்டூசி, தலைப்பிலிருந்து ஒன்று, இடுப்பு மடிப்பிலிருந்து வரிசையாக. வேலை செய்யும்போது குத்திக்கொள்வது, எடுக்க மறந்துவிடுவது. தட்டு நிறைந்துகொண்டே போனது.

"அம்மா, இப்படியே உள்ளே போயிருந்தா மெஷின் உங்களையே ஒரு திரையாத் தச்சிருக்கும்" என்றார் அவர்.

உள்ளே குளிராக இருந்தது. அவர் வெள்ளைப் போர்வைக்குள் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். போர்வையின் ஓரத்தை அவள் சரிசெய்தாள். வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். டாக்டர் பட்டனை அழுத்திக் காட்டினார். "அவருக்கு முதல்ல விளக்கிடுங்க. அப்புறம் நான் கை காட்டும்போது ஒரே ஒரு வார்த்தை."

அவள் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த பேச்சு மொத்தமும் வாசலுக்கு வந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றது. பட்டனை அழுத்தினாள்.

"நான்தான் பேசறேன். கேட்குதா... இங்க பாருங்க, அந்த ஷட்டிலை விடுங்க. அது வேண்டாம். வண்டி ரொம்ப அழுக்கா இருக்கு. நீங்க இங்க வந்ததுலேர்ந்து யாரும் தொடலை. நான் உறை மட்டும் போட்டு மூடி வச்சிருக்கேன். ரெண்டு வாளியும் எடுத்து வச்சாச்சு. நான் 'கழுவுங்க'ன்னு சொன்னா, கூரையிலேர்ந்து ஆரம்பிச்சு நல்லா அழுத்தித் தேய்க்கறதா நினைச்சுக்கோங்க. 'போதும்'னு சொன்னா அப்படியே நிறுத்திடுங்க. எனக்காக. நான் ஒண்ணும் கேட்டதில்லையே இதுவரைக்கும்."

அவளுக்குப் பின்னால் டெக்னீஷியன் திரும்பி நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

டாக்டர் கை காட்டினார். "கழுவுங்க" என்றாள். பிறகு, "போதும்." மறுபடி, "கழுவுங்க." மறுபடி, "போதும்." இதுவரை அவரிடம் யாரும் போதும் என்று சொல்லி அவர் நிறுத்தியதே இல்லை. நாத்தனார் அதை வாய்விட்டே சொன்னாள். டாக்டர் உதட்டில் விரல் வைத்தார்.

கணக்குப் போட்டு முடிக்க மறுநாள் ஆயிற்று. டாக்டரின் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூளை. அதன் உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு, அடுப்பின் நெருப்பு மாதிரி. பக்கத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு.

"இங்க பாருங்க. நீங்க கழுவுங்கன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் ஏறுது. போதும்னா இறங்குது. நல்லா இருக்கறவங்களுக்கு வர்ற மாதிரியே." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உள்ளே இருக்கார்மா. நீங்க சொல்றது அவருக்குக் கேட்குது."

அவள் அந்த ஆரஞ்சுத் திட்டைத் தொட்டாள். திரை லேசாகச் சுட்டது. அத்தனை வாரமாக வராத கண்ணீர் அப்போது வந்தது. நாத்தனார் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அழுங்க அண்ணி, அழுங்க" என்று தானும் சேர்ந்து அழுதாள்.

டாக்டர் இன்னும் ஒரு படி போனார். அவரிடமே கேள்வி கேட்கலாம் என்றார். பதில் 'ஆமாம்' என்றால் அவர் வண்டி கழுவுவதாக நினைக்க வேண்டும். பதில் 'இல்லை' என்றால் வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்க வேண்டும். நடப்பதற்கு மூளையில் வேறு இடம் வேலை செய்யும். அப்படிப் பதில் வந்துவிட்டால் மீட்டிங்கில் யாரும் வாயைத் திறக்க முடியாது. "ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்க. பதில் நமக்கு நிச்சயமாத் தெரிஞ்ச கேள்வியா இருக்கணும்."

நாத்தனார் மைக்கைப் பிடித்து, "நான் உனக்கு அக்காவா?" என்றாள்.

அடுத்து அண்ணியின் முறை. அவள் வெகுநேரம் யோசித்தாள். எத்தனையோ கேட்கலாம். வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா, என்மேல் கோபமா. பதில் தெரிந்த கேள்வி என்கிறார்கள். மெதுவாகப் பட்டனை அழுத்தினாள்.

"ஷோகேஸ்ல இருக்கே கோப்பை. அது நீங்க ஜெயிச்சதா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் கொஞ்சம் குழம்பிப்போயிருந்தார். "தங்கச்சி கேட்டதுக்குச் சரியான பதில். இல்லைன்னு வீட்டுக்குள்ள நடந்திருக்கார், தெளிவா இருக்கு. ஆனா உங்க கேள்வி... ரெண்டு தடவை கணக்குப் போட்டுட்டேன்மா. வண்டி கழுவியிருக்கார். ஆமாம்கறார். இது தப்பான பதிலாச்சே."

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அளந்து பேசுகிறவள், டேப்பை வாய்க்கும் வைத்திருக்கிறவள், வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"தப்பில்லை டாக்டர். அவர்தான். சத்தியமா அவரேதான்."

"பொய் சொல்றதுக்கும் மூளை வேணுமே டாக்டர்" என்றாள் நாத்தனார். "எழுதிக்கோங்க. என் அண்ணன் முழுசா இருக்கான்."

மீட்டிங்கில் டாக்டர் அதையும் சொன்னாராம். சிரிப்பு அடங்கியதும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பயிற்சி வார்டிலேயே அவர் இருக்கலாம் என்று முடிவாயிற்று. எழுந்து நடப்பாரா, மறுபடி பேசுவாரா என்று டாக்டர் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் பையில் கோப்பை இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியின் மேல், அவர் பார்வை விழக்கூடிய இடத்தில் வைத்தாள். நர்ஸ் வந்து எடுத்துப் பார்த்தாள்.

"அட, யாரு ஜெயிச்சது?"

"இவருதான்" என்றாள் அவள். நர்ஸ் கோப்பையைக் கவிழ்த்துப் பார்ப்பதற்குள் பதமாக வாங்கி, அடிப்பக்கம் நன்றாகப் படியும்படி அழுத்தி வைத்தாள்.

நர்ஸ் போனதும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அன்னைக்கு என்ன ஆச்சுன்னா," என்று ஆரம்பித்தாள், "இறுதி ஆட்டம். எதிராளி இந்தக் கதவு உயரம் இருப்பான்..."

விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்கோரை மட்டும் இந்தத் தடவை அவளே கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.